வெட்டவெளியில் கிடக்கும் எலும்பு எந்த விலங்கினுடையது? அடையாளம் காணும் வழிமுறைகளும் சட்டம் சொல்வதும்

வயல் வரப்பிலும் ஆற்று மணலிலும் காட்டோரப் பாதையிலும் எலும்புகள் கண்ணில் படுவது இந்தியக் கிராமங்களில் அரிதான நிகழ்வு அன்று. அவற்றில் பெரும்பாலானவை மாடு, ஆடு, நாய் போன்ற வளர்ப்பு விலங்குகளுடையவை. ஆனால் அந்தக் கணிப்பு எப்போதும் சரியாக இருப்பதில்லை. காணாமற்போன ஒருவரின் எலும்பு மாட்டெலும்பு என்று ஒதுக்கப்படலாம். வேட்டையாடப்பட்ட புலியின் எலும்பு யாராலும் கவனிக்கப்படாமல் போகலாம். எருமையின் எலும்பு பசுவின் எலும்பு என்று தவறாகக் கருதப்பட்டு, குற்றமற்ற ஒருவர் மீது பழி விழலாம்.

ஆகவே, கிடைத்த எலும்பு எதனுடையது என்ற கேள்விக்கு முறையாக விடை தேடுவது அவசியமாகிறது. கண்ணால் பார்த்து எந்த அளவுக்கு முடிவு செய்யலாம், எந்த இடத்திலிருந்து ஆய்வகத்தின் உதவி கட்டாயமாகிறது, சட்டம் என்ன கூறுகிறது ஆகியவை இங்குத் தொகுத்துத் தரப்படுகின்றன.

கிடந்த இடமே முதல் சான்று

எலும்பைக் கையில் எடுப்பதற்கு முன்பே அது கிடந்த இடம் பல செய்திகளைச் சொல்லிவிடுகிறது. எலும்புகள் ஒரே இடத்தில் உடலின் வரிசைப்படி கிடந்தால், விலங்கு அங்கேயே இறந்திருக்க வாய்ப்பு அதிகம். அவை சிதறிக் கிடந்தால் நாய், நரி, கழுதைப்புலி போன்றவை இழுத்திருக்கலாம். அல்லது வெள்ளம் புரட்டியிருக்கலாம். ஒரு குகையின் அல்லது வளையின் வாயிலில் பலவகை எலும்புகள் குவிந்திருந்தால், அது கழுதைப்புலியின் அல்லது முள்ளம்பன்றியின் வளையாக இருக்கக்கூடும். இவ்விரண்டும் எலும்புகளைத் தம் வளைகளுக்குக் கொண்டு சேர்க்கும் இயல்புடையவை.

ராஜஸ்தானின் பிகானேர் அருகே உள்ள ஜோர்பீர் போன்ற இடங்களில் இறந்த மாடுகளும் ஒட்டகங்களும் வழக்கமாகக் கொண்டுவந்து போடப்படுகின்றன. அத்தகைய இடத்தில் எலும்புக் குவியல் இருப்பது வியப்பன்று. அதே குவியல் ஒரு புலிகள் காப்பகத்தின் எல்லையில் இருந்தால் அதற்கு வேறு பொருள் உண்டு.

இடத்தின் தகவல் ஒருமுறை அழிந்தால் மீண்டும் கிடைக்காது. உத்தராகண்ட் மாநிலத்தில் சுமார் 5,000 மீட்டர் உயரத்தில் உள்ள ரூப்குண்ட் ஏரி இதற்குச் சான்று. 1942-ல் வன ஊழியர் ஒருவரால் கவனத்துக்கு வந்த அந்த ஏரிக்கரையின் மனித எலும்புகளை, பின்னாளில் மலையேற்றப் பயணிகள் பலர் இடம் மாற்றியும் குவித்தும் வைத்தனர். இதனால் எந்த எலும்பு எந்த உடலைச் சேர்ந்தது என்று வரிசைப்படுத்துவது ஆய்வாளர்களுக்குக் கடினமாயிற்று. 2019-ல் வெளியான மரபணு ஆய்வு, அங்கு இறந்தவர்கள் அனைவரும் ஒரே நிகழ்வில் இறக்கவில்லை என்பதையும், அவர்களில் ஒரு பகுதியினர் கிழக்கு மத்தியதரைக் கடல் பகுதியைச் சேர்ந்த மரபு வழியினர் என்பதையும் காட்டியது. அதற்கு முன் பல ஆண்டுகள் நிலவிய ஒற்றை விபத்துக் கதையை எலும்புகளின் தோற்றத்தை மட்டும் வைத்து மறுக்க முடிந்திருக்கவில்லை.

எலும்புதானா?

முதல் கேள்வி, கிடைத்த பொருள் எலும்புதானா என்பதாகும். நீரில் ஊறிய மரக்கிளை, வெளுத்த பிளாஸ்டிக் குழாய், சுண்ணாம்புக் கல், தேங்காய்ச் சிரட்டை ஆகியவை தொலைவிலிருந்து எலும்பு போலவே தோன்றும். உடைந்த முனையை உற்று நோக்கினால் வேறுபாடு தெரியும். எலும்பின் வெளிப்புறம் அடர்த்தியாகவும் வழவழப்பாகவும் இருக்கும். உட்புறம் தேன்கூடு போன்ற நுண்துளைகள் அல்லது நீண்ட குழிவு காணப்படும். மரத்தில் இழைகளே தெரியும்.

எலும்பின் வடிவம் இருந்தும் கல்லின் எடை இருந்தால் அது தொல்லுயிர் எச்சமாக இருக்கலாம். இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் குன்றுகளிலும் நர்மதைப் பள்ளத்தாக்கிலும் இத்தகைய எச்சங்கள் கிடைப்பது வழக்கம். மத்தியப் பிரதேசத்தின் ஹத்னோரா கிராமத்துக்கு அருகே 1982-ல் கண்டெடுக்கப்பட்ட தொன்மையான மனித மண்டையோட்டுப் பகுதி நர்மதைப் படிவுகளிலிருந்தே வெளிப்பட்டது. கல்லாய் மாறிய எலும்பைத் தோண்டி எடுக்க முயல்வது அதன் வயதைக் கணிக்க உதவும் மண் அடுக்கின் சான்றை அழித்துவிடும்.

மனிதருடையதா, விலங்கினுடையதா?

இரண்டாவது கேள்வியே மிக முக்கியமானது. விடை மனிதன் என்றால் வழக்கு காவல்துறையைச் சேர்ந்தது.

மண்டையோடு முழுமையாகக் கிடைத்தால் முடிவு எளிது. மனித மண்டையில் மூளைப்பகுதி பெரிதாகவும் உருண்டையாகவும் இருக்கும். முகம் தட்டையாகவும் சிறிதாகவும் இருக்கும். கீழ்த்தாடையில் முகவாய்க்கட்டை முன்னோக்கிப் புடைத்திருக்கும். தண்டுவடம் நுழையும் பெருந்துளை மண்டையின் அடிப்பகுதியில் இருக்கும். நான்கு கால் விலங்குகளில் அத்துளை மண்டையின் பின்புறத்தில் அமைந்திருக்கும். குரங்குகளில் அது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில் காணப்படும். குரங்கின் மண்டையில் முகம் முன்னோக்கி நீண்டிருப்பதும், ஆண் குரங்கின் கோரைப்பற்கள் நீண்டு கூராக இருப்பதும் கூடுதல் அடையாளங்கள்.

தனித்த எலும்புகளில் சிக்கல் கூடுகிறது. மனித இடுப்பெலும்பு கிண்ணம் போல் அகன்றிருக்கும். நாற்கால் விலங்குகளுடையது நீண்டு ஒடுங்கியிருக்கும். மனிதத் தோள்பட்டை எலும்பு முக்கோண வடிவமுடையது. மாட்டுடையது நீண்ட விசிறி போன்றது. மனித முன்கையில் இரண்டு எலும்புகளும் தனித்தனியே இருக்கும். மாட்டிலும் குதிரையிலும் அவை பெருமளவு ஒட்டி ஒரே எலும்பு போல் தோன்றும். நீண்ட எலும்பு உடைந்து கிடந்தால் அதன் சுவரின் தடிமனும் குறிப்புத் தரும். மனிதனில் அது குறுக்களவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. பல பெரிய பாலூட்டிகளில் மூன்றில் ஒரு பங்கு. இது தோராயக் கணக்கு மட்டுமே.

குழந்தையின் எலும்போ என்ற ஐயமே பெரும்பாலும் அச்சத்தை ஏற்படுத்துகிறது. இதற்கு ஒரு நம்பகமான வழி உண்டு. வளரும் பருவத்தில் நீண்ட எலும்பின் முனைகள் நடுத்தண்டுடன் இணையாமல் தனித் துண்டுகளாக இருக்கும். வளர்ச்சி முடிந்த பின்னரே அவை ஒட்டிக்கொள்ளும். எனவே அளவில் சிறிய ஓர் எலும்பின் இரு முனைகளும் முழுமையாக ஒட்டி, மூட்டுப் பரப்பு தெளிவாக இருந்தால், அது வளர்ந்த சிறு விலங்கினுடையது, குழந்தையினுடையது அன்று. முனைகள் இல்லாமல், சொரசொரப்பான விளிம்புடன் எலும்பு இருந்தால் ஐயம் நீங்கவில்லை என்று பொருள். அப்போது வல்லுநரே பார்க்க வேண்டும்.

அனுபவமுள்ளவர்களையும் தடுமாறச் செய்பவை மூன்று. ஒன்று, கரடியின் பாதம். தோலும் நகமும் நீங்கிய கரடிப் பாதத்தில் ஐந்து விரல்கள் மனிதக் கால் போலவே அமைந்திருக்கும். மனிதனில் உட்புற விரலே பெரியது. கரடியில் உட்புற விரல் சிறியது. இரண்டு, பன்றியின் கடைவாய்ப்பல். தாழ்ந்த, முண்டு முண்டான அதன் மேற்பரப்பு மனிதப் பல்லை ஒத்திருக்கும். மூன்று, ஆமையோட்டின் துண்டுகள். அவற்றின் வளைவும் தைத்தது போன்ற விளிம்பும் மண்டையோட்டுத் துண்டு என எண்ண வைக்கும்.

கிடைப்பது மனித எலும்பாகவே இருந்தாலும் அது குற்றத்தைக் குறிக்கும் என்ற கட்டாயமில்லை. ஆற்றங்கரைகளில் எரியூட்டலின் எச்சங்கள் கிடைப்பதுண்டு. நெருப்பில் வெந்த எலும்பு முதலில் கறுத்து, பின் சாம்பல் நிறமாகி, மிகுந்த வெப்பத்தில் சுண்ணாம்பு போல் வெளுத்து வெடித்திருக்கும். மருத்துவப் படிப்புக்குப் பயன்பட்ட எலும்புகள் கைவிடப்பட்டுக் கிடைப்பதும் உண்டு. துளையிட்ட தடம், கம்பி, மை எழுத்து, பூச்சு ஆகியவை அவற்றைக் காட்டிக்கொடுக்கும். மனித எலும்புக்கூடுகளின் ஏற்றுமதியை இந்தியா 1985-ல் தடை செய்யும் வரை உலகின் பல மருத்துவக் கல்லூரிகளுக்கு அவை இங்கிருந்தே சென்றன. எது எவ்வாறாயினும் முடிவெடுக்க வேண்டியவர் கண்டெடுத்தவர் அல்லர்.

பற்கள் சொல்லும் செய்தி

விலங்கு என்று உறுதியானபின் எந்த விலங்கு என்று அறிய மிகச் சிறந்த வழி பற்களே. எலும்பைவிடப் பல் நீண்ட காலம் அழியாமல் நிற்கும். உணவுக்கேற்ப அதன் அமைப்பும் மாறும்.

மாடு, எருமை, ஆடு, செம்மறியாடு, மான் ஆகிய அசைபோடும் விலங்குகளுக்கு மேல்தாடையின் முன்புறத்தில் வெட்டுப்பற்களே இல்லை. கீழ்த்தாடையின் முன்புறத்தில் எட்டுப் பற்கள், அதன்பின் நீண்ட இடைவெளி, பிறகு பிறை வடிவ மேடுகள் கொண்ட கடைவாய்ப்பற்கள் எனும் அமைப்பு இவற்றுக்குப் பொது. அசைபோடும் இயல்புடையதாயினும் ஒட்டகத்துக்கு மேல்தாடையில் ஓர் இணை வெட்டுப்பற்களும் கோரைப்பற்களும் உண்டு. குதிரைக்கும் கழுதைக்கும் இரு தாடைகளிலும் வெட்டுப்பற்கள் உண்டு. கடைவாய்ப்பற்கள் உயர்ந்து, சதுரமாக, சிக்கலான மடிப்புகளுடன் காணப்படும்.

ஊனுண்ணிகளில் நீண்ட கோரைப்பற்களும், கத்தரி போல் வெட்டும் பின்பற்களும் இருக்கும். பற்களின் எண்ணிக்கை நாயையும் பூனையையும் பிரிக்கும். நாய், ஓநாய், நரி ஆகியவற்றுக்கு பொதுவாக 42 பற்கள். பூனை, சிறுத்தை, புலி, சிங்கம் ஆகியவற்றுக்கு 30. பன்றிக்கு 44. நாய்க் குடும்பத்தின் முகம் நீண்டும், பூனைக் குடும்பத்தின் முகம் குட்டையாகவும் இருக்கும்.

உளி போன்ற நீண்டு வளைந்த இரு முன்பற்களும் பெரும்பாலும் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறப் பூச்சும் இருந்தால் அது எலி, அணில், முள்ளம்பன்றி போன்ற கொறிக்கும் விலங்கு. பல்லே இல்லாத நீண்ட மண்டையோடு எறும்புத்தின்னி எனப்படும் அலங்கினுடையதாக இருக்கலாம். யானையின் கடைவாய்ப்பல் செங்கல் அளவில், குறுக்குவாட்டில் அடுக்கிய தகடுகளாக இருக்கும். வாழ்நாளில் ஆறு முறை அது மாறி முளைக்கிறது.

கால் எலும்புகளின் குறிப்பு

வெட்டவெளியில் அதிகம் மிஞ்சுவது குளம்புக்கு மேலுள்ள நீண்ட கால் எலும்பு. அதில் இறைச்சி மிகக் குறைவு என்பதாலும் அடர்த்தி அதிகம் என்பதாலும் நாய்கள் அதை விட்டுவிடுகின்றன. இந்த ஓர் எலும்பே குடும்பத்தைச் சொல்லிவிடும்.

மாடு, ஆடு, மான் ஆகியவற்றில் இரண்டு எலும்புகள் ஒட்டி உருவானது அது. முன்புறத்தில் நடுவே ஒரு கோடு ஓடும். கீழ் முனையில் அருகருகே இரண்டு கப்பிகள் போன்ற மூட்டுகள் இருக்கும். ஒட்டகத்தில் அந்த இரு முனைகளும் கவட்டை போல் விலகியிருக்கும். குதிரை, கழுதை, கட்ச் பகுதியின் காட்டுக்கழுதை ஆகியவற்றில் ஒரே எலும்பு. கீழ் முனையும் ஒன்றே. இரு பக்கமும் ஊசி போன்ற மெல்லிய எலும்புகள் ஒட்டி நிற்கும். நாய், பூனை, கரடி ஆகியவற்றில் அவ்விடத்தில் பல சிறு எலும்புகள் தனித்தனியே இருக்கும்.

மானின் கால் எலும்பு அதே உயரமுள்ள மாட்டுக்கன்றுடையதைவிட மெலிந்து நீண்டிருக்கும். யானையின் கால் எலும்பு தூண் போன்றது. மற்ற விலங்குகளில் காணும் நடுக்குழிவு அதில் இல்லாமல் உட்புறம் முழுவதும் துளைமயமாக இருக்கும்.

புலி எலும்பும் போலிச் சரக்கும்

புலி எலும்புக்கு வெளிநாட்டுச் சந்தையில் உள்ள தேவையே இந்தியாவில் அதன் கள்ளவேட்டைக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று. 1993-ல் டெல்லியில் பெருமளவில் புலி எலும்புகள் பிடிபட்டபோதுதான் அந்த வணிகத்தின் அளவு நாட்டுக்குத் தெரிய வந்தது. ராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில் புலிகளே இல்லை என்பது 2005-ல் உறுதியான பின், கண்காணிப்பு அமைப்புகள் மாற்றியமைக்கப்பட்டன. ஆகவே காட்டோரத்தில் கிடைக்கும் ஓர் எலும்பு பூனைக் குடும்பத்தைச் சேர்ந்ததா என்பது வெறும் ஆர்வக் கேள்வி அன்று.

இதைக் கண்டறிய எளிய அடையாளம் ஒன்று உண்டு. முன்காலின் மேல் எலும்பில், முழங்கை மூட்டுக்குச் சற்று மேலே உட்புற ஓரத்தில் நரம்பும் இரத்தக் குழாயும் செல்லும் ஒரு சிறு பாலம் போன்ற துளை பூனைக் குடும்பத்தில் இருக்கும். நாய்க்கும் மாட்டுக்கும் அது இல்லை. நாயில் மூட்டுக்கு நேர் மேலே நடுவில் வேறொரு துளை காணப்படும். கள்ளச்சந்தையில் புலி எலும்பு என்று மாட்டெலும்பை விற்கும் மோசடியை இந்த அடையாளம் பல நேரங்களில் வெளிப்படுத்திவிடும்.

புலிக்கும் சிறுத்தைக்கும் தசைக்குள் மிதக்கும் சிறு காறை எலும்பு உண்டு. அது வேறெந்த எலும்புடனும் மூட்டால் இணையாதது; மெலிந்து வளைந்தது. அதிர்ஷ்டம் தரும் என்ற நம்பிக்கையால் சிலர் அதை எடுத்துச் செல்வதுண்டு. அதை வைத்திருப்பது சட்டப்படி குற்றமாகும். புலிநகம் என்று விற்கப்படுபவற்றிலும் மாட்டுக் கொம்பிலோ குளம்பிலோ செதுக்கியவை பல.

கொம்பு, தந்தம்

மானின் கொம்பு முழுவதும் எலும்பு, கிளைவிட்டிருக்கும், ஆண்டுதோறும் உதிர்ந்து மீண்டும் முளைக்கும். புள்ளிமான், கடமான் ஆகியவற்றில் ஆணுக்கு மட்டுமே கொம்பு உண்டு. உதிர்ந்த கொம்பின் அடிப்பகுதி வட்டமாக, சொரசொரப்பாக இருக்கும். வெட்டியெடுத்ததில் மண்டையோட்டின் துண்டு ஒட்டியிருக்கும். மாடு, ஆடு, வெளிமான், நீலான் ஆகியவற்றின் கொம்பில் கிளை இல்லை, அது உதிர்வதில்லை. உள்ளே எலும்பும் வெளியே நகப்பொருளால் ஆன உறையும் இருக்கும். இறந்தபின் உறை கழன்று விழ, உள் எலும்பு மட்டும் கூம்பாக எஞ்சும். அதன் குறுக்குவெட்டு மாட்டில் ஏறத்தாழ வட்டம். எருமையில் தட்டையான முக்கோணம். காண்டாமிருகக் கொம்பினுள் எலும்பே கிடையாது. யானைத் தந்தம் உண்மையில் வெட்டுப்பல். அதன் குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் வளைகோடுகள் தெரியும். பிளாஸ்டிக்கிலும் சாதாரண எலும்பிலும் அக்கோடுகள் இல்லை.

பறவை, ஊர்வன, நீர்வாழ்வன

கையில் எடுத்தால் எடையே தெரியாத எலும்பு பறவையினுடையதாக இருக்கலாம். பல பறவை எலும்புகள் உள்ளே வெற்றிடமும் மெல்லிய குறுக்குக் கம்பிகளும் கொண்டவை. நெஞ்செலும்பில் படகின் அடிப்பகுதி போன்ற மேடு இருக்கும். பாம்பின் எலும்புக்கூட்டில் நூற்றுக்கணக்கான முள்ளெலும்புகள், ஒவ்வொன்றின் பின்புறத்திலும் பந்து போன்ற முனை, இருபுறமும் மெல்லிய விலா எலும்புகள் காணப்படும். குழிகள் நிறைந்த தடித்த சதுரத் தகடுகள் முதலையின் முதுகுக் கவசம். சம்பல் ஆற்றங்கரையில் கம்பு போல் நீண்ட முகமும் நெருக்கமான கூர்ப்பற்களும் கொண்ட மண்டையோடு கிடைத்தால் அது கரியலாக இருக்கலாம். கங்கை ஓங்கிலின் மண்டையிலும் அலகு நீண்டிருக்கும். ஆனால் நெற்றிக்கு மேல் இரு எலும்புத் தகடுகள் கூரை போல் எழும்பி நிற்கும்.

நிறத்தை வைத்து வயது சொல்ல இயலுமா?

வெள்ளையாக இருப்பது பழைய எலும்பு என்பது தவறான எண்ணம். கடும் வெயிலில் சில மாதங்களிலேயே எலும்பு வெளுத்துவிடும். மண்ணுக்குள் பல ஆண்டுகள் கிடந்தது பழுப்பாகவே இருக்கும். புதிய எலும்பில் பிசுபிசுப்பும் வாடையும் இருக்கும். பின்னர் நெடுக்கில் வெடிப்புகள் தோன்றி, மேற்பரப்பு செதிலாக உரிந்து, இறுதியில் நொறுங்கும். இந்த வேகம் வெப்பம், ஈரம், நிழல், மண்ணின் தன்மை ஆகியவற்றைப் பொறுத்து மாறும்.

மேற்பரப்பிலுள்ள தடங்கள் நிறத்தைவிடப் பயனுள்ளவை. முனைகள் கடித்துக் குதறப்பட்டுப் பற்குழிகள் தெரிந்தால் நாயோ கழுதைப்புலியோ தின்றிருக்கும். இணைகோடுகளாகச் சீரான பள்ளங்கள் இருந்தால் எலியோ முள்ளம்பன்றியோ கொறித்திருக்கும். நேரான, மெல்லிய, கூர்மையான கீறல் கத்தியின் தடம். தட்டையாகத் துண்டிக்கப்பட்ட முனை கசாப்புக் கத்தியையோ ரம்பத்தையோ குறிக்கும்.

கண்ணின் எல்லை

மேற்கண்ட அடையாளங்கள் பெரும்பாலும் குடும்பம் வரையே கொண்டு செல்லும். இனம் வரை அல்ல. வெள்ளாட்டையும் செம்மறியாட்டையும் எலும்பால் பிரிப்பது தொல்விலங்கியல் வல்லுநர்களுக்கே கடினம். காட்டுப்பன்றியும் வளர்ப்புப் பன்றியும் ஒரே இனம். ஓநாயும் பெரிய நாட்டு நாயும் எலும்பில் மிக நெருக்கமானவை.

குஜராத்தின் கட்ச் பகுதியிலுள்ள சுர்கோட்டடா என்ற ஹரப்பா கால இடத்தில் கிடைத்த எலும்புகள் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. ஹங்கேரிய வல்லுநர் சாண்டோர் போகோனி 1990-களில் அவற்றுள் சில குதிரையினுடையவை என்றார். அமெரிக்க வல்லுநர் ரிச்சர்ட் மீடோ அதை ஏற்கவில்லை. அதே பகுதியில் இன்றும் வாழும் காட்டுக்கழுதையினுடையதாக அவை இருக்கலாம் என்பது அவரது வாதம். வாழ்நாள் முழுவதும் எலும்புகளை ஆராய்ந்த இருவர் ஒரே எலும்பைப் பார்த்து வெவ்வேறு முடிவுக்கு வந்தனர்.

இந்த எல்லை மிக முக்கியமாவது பசுவும் எருமையும் சம்பந்தப்பட்ட வழக்குகளில்தான். பல மாநிலங்களில் பசு வதைக்குத் தடை உண்டு. எருமைக்குப் பெரும்பாலும் வேறு விதி. கொம்பும் முழு மண்டையோடும் இல்லாத நிலையில், ஒரு விலா எலும்பையோ தொடை எலும்பின் துண்டையோ பார்த்து இது பசுவா எருமையா என்று உறுதியாகக் கூற இயலாது. அவ்வாறு கூறுவது ஊகம் மட்டுமே. அந்த ஊகத்தின் பேரில் ஒருவர் மீது பழி சுமத்துவது சான்றாகாது.

ஆய்வகம் எவ்வாறு முடிவு செய்கிறது?

எலும்பின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் பார்த்தால், மாடு, பன்றி போன்றவற்றில் செங்கல் அடுக்கு போன்ற அமைப்பு தெரிவதுண்டு. மனிதனில் அது அரிது. அடுத்த நிலை டி.என்.ஏ. பரிசோதனை. எலும்பிலிருந்தோ பல்லிலிருந்தோ எடுக்கப்படும் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட பகுதி, அறியப்பட்ட இனங்களின் தரவுகளுடன் ஒப்பிடப்படுகிறது. மிகப் பல விலங்கினங்களுக்குப் பொதுவாகப் பயன்படும் ஒரு பரிசோதனை முறையை ஹைதராபாத்திலுள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மைய அறிவியலாளர்கள் உருவாக்கி 2003-ல் வெளியிட்டனர்.

டேராடூனிலுள்ள இந்திய வனவிலங்கு நிறுவனம், கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு 1916-ல் தொடங்கப்பட்ட இந்திய விலங்கியல் ஆய்வகம், மாநிலத் தடய அறிவியல் ஆய்வகங்கள் ஆகியவை அடையாளம் காணும் பணியில் ஈடுபடுகின்றன. இறைச்சி எந்த விலங்கினுடையது என்று கண்டறியும் வசதி ஹைதராபாத்திலுள்ள தேசிய இறைச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் உள்ளது. தொல்லியல் எலும்புகளுக்குப் புணேயின் டெக்கான் கல்லூரி நெடுங்கால அனுபவம் கொண்டது.

ஆய்வகத்துக்கும் எல்லை உண்டு. முழுவதும் வெந்து வெளுத்த எலும்பில் டி.என்.ஏ. பெரும்பாலும் எஞ்சுவதில்லை. மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. தாய்வழி மட்டும் வருவதால் கலப்பினங்களில் அது முழு விடை தராது. பலர் கைபட்ட எலும்பில் அவர்களது டி.என்.ஏ.வும் கலந்துவிடும்.

சட்டம் என்ன கூறுகிறது?

1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 39-வது பிரிவின்படி, இறந்து கிடக்கும் காட்டு விலங்கும் அதன் உடற்பகுதிகளும் அரசின் சொத்தாகும். அத்தகைய பொருள் எவ்வழியிலாவது கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ அதிகாரம் பெற்ற அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும். கேட்டால் ஒப்படைக்க வேண்டும். கொம்பு, எலும்பு, ஓடு, பல், தந்தம், நகம் ஆகியவை சட்டத்தின் வரையறையில் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டுள்ளன. காட்டில் தானாக உதிர்ந்த மான்கொம்பை எடுத்து வீட்டுச் சுவரில் மாட்டுவதும் இதனால் சிக்கலை ஏற்படுத்தும்.

2022-ல் திருத்தப்பட்ட இச்சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள புலி, யானை போன்ற விலங்குகள் தொடர்பான குற்றங்களுக்கு 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறையும் குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம்.

மனித எலும்பு என்ற ஐயம் எழுந்தால் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். ஐயத்துக்குரிய மரணங்களை விசாரிக்கும் நடைமுறை, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 194-வது பிரிவில் உள்ளது.

பொதுமக்கள் செய்ய வேண்டியவை

எலும்பைத் தொடாமல், அசைக்காமல், கிடந்த நிலையிலேயே படம் எடுக்க வேண்டும். அளவு தெரிய அருகில் ஒரு நாணயத்தையோ பேனாவையோ வைத்துக்கொள்ளலாம். சுற்றுப்புறம் தெரியும்படி ஒரு படம், எலும்பின் இரு முனைகளும் தெரியும்படி ஒரு படம், பற்கள் இருந்தால் அவற்றின் மேற்பரப்பு தெரியும்படி ஒரு படம் இருந்தால் வல்லுநருக்குப் போதுமான தொடக்கம் கிடைக்கும். கைப்பேசியில் இடத்தின் அமைவிடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். எலும்பைக் கழுவவோ நெகிழிப் பையில் கட்டி வீட்டுக்கு எடுத்துச் செல்லவோ கூடாது. நாய்கள் நெருங்காமல் பார்த்துக்கொள்வது நல்லது.

மாடுகள் திடீரென இறந்த பகுதியில் எலும்பைத் தொடுவதில் உடல்நல ஆபத்தும் உண்டு. அடைப்பான் எனப்படும் ஆந்த்ராக்ஸ் நோயின் நுண்விதைகள் மண்ணிலும் எச்சங்களிலும் பல ஆண்டுகள் உயிருடன் இருக்கும். அத்தகைய இடங்களில் கால்நடை மருத்துவருக்குத் தகவல் தர வேண்டும்.

மனித எலும்பு என்ற ஐயம் இருந்தால் 112 என்ற அவசர எண்ணிலோ அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, காட்டு விலங்கு என்ற ஐயம் இருந்தால் வனத்துறை அலுவலகத்திலோ தெரிவிக்கலாம். எடுத்த படங்களைச் சமூக ஊடகங்களில் வெளியிடுவதற்கு முன் அவர்களிடம் காட்டுவதே முறை. எலும்பு எதனுடையது என்பது உறுதியாகும் முன் பரவும் ஒரு படத்தை, ஆய்வக அறிக்கை வந்தபின் திரும்பப் பெற இயலாது.